கொலாஜ் ஒட்ட மேட் மீடியம் வாங்கலாமா? யூஸ் பண்ணிப் பாத்ததுல சொல்றேன்

முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். அப்ஸ்ட்ராக்ட் கொலாஜ் (காகிதம், துணினு துண்டுகள ஒட்டி, இன்ன உருவம்னு இல்லாம பண்ற படம்), மிக்ஸட் மீடியா (ஒட்டறது, பெயிண்ட், பென்சில்னு கலந்து பண்றது)னு வீட்ல உக்காந்து சொந்தமா கத்துக்கற யாரா இருந்தாலும் பெரிய கலர் செட் வாங்கறத கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டு அந்த காசுல ஒரு நல்ல மேட் மீடியம் பாட்டில் வாங்குங்க. நான் யூஸ் பண்றது லிக்விடெக்ஸ் மேட் மீடியம், 237 மில்லி பாட்டில். கோல்டன் கம்பெனியோடதும் இதே வேலைய செய்யும், ரெண்டுல எது கைக்கு கிடைக்குதோ அத எடுத்துக்கலாம். இந்த ரிவ்யூல பாட்டில பத்தி மட்டும் சொன்னா பாதி விஷயம்தான் வரும், ஏன்னா எங்கள மாதிரி ஓவியக் கல்லூரி பக்கமே போகாதவங்களுக்கு பசைதான் வேலை செய்யற முறையையே முடிவு பண்ணுது, அதனால ரெண்டையும் சேத்தே எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

மேட் மீடியம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, அக்ரிலிக் பெயிண்ட்ல இருக்கற நிறத்த எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குமோ அதுதான், கூடவே பளபளப்ப குறைக்க ஒரு பொடி கலந்திருப்பாங்க. பாட்டில்ல வெள்ளையா இருக்கும், காஞ்சா நிறம் போயிடும். தண்ணி ஆவியா போக போக அதுல மிதக்கற பிளாஸ்டிக் துகள்லாம் நெருங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே படலமா ஆயிடும், ஆனதுக்கு அப்புறம் மேல தண்ணி பட்டாலும் கரையாது. இந்த கடைசி பாயிண்ட்டுக்காகத்தான் நான் இவ்ளோ எழுதறேன்.

ஏன்னா அப்ஸ்ட்ராக்ட் கொலாஜ்ல முன்னாடியே வரைஞ்சு வச்சிட்டு ஒட்டறதுன்னு ஒண்ணு கிடையாது. ஒரு துண்டு வைக்கறோம், தள்ளி நின்னு பாக்கறோம், கொஞ்சம் நகத்தறோம், மேல இன்னொண்ண போட்டு பாதிய மறைக்கறோம், அதுக்கும் மேல பெயிண்ட் அடிக்கறோம், மறுநாள் பாத்தா அது வேணாம்னு தோணும், சுரண்டி எடுக்கறோம். படிச்சு வந்தவங்களுக்கு இந்த இடத்துல என்ன பண்ணனும்னு சொல்லித் தர ஒரு வாத்தியார் இருந்திருப்பாரு, நமக்கு வாத்தியார் அந்த ஈரம்தான். பசை ஈரமா இருக்கற நேரத்துலதான் எல்லா முடிவும் நடக்குது, காஞ்சதும் அந்த முடிவு அப்டியே நிக்கணும், மேல அடுத்த லேயர் போடும்போது கீழ இருக்கறது கரைஞ்சு நகரக் கூடாது. ஈரத்துல நகரணும், காஞ்சா நகரக் கூடாது, இந்த ரெண்டையும் ஒரே பாட்டில் செஞ்சா அதுதான் கொலாஜுக்கு பசை.

குர்ட் ஷ்விட்டர்ஸ்னு ஒரு ஜெர்மன் ஓவியர், 1919ல இருந்து தன்னோட கொலாஜுக்கெல்லாம் மெர்ஸ்னு பேர் வச்சு டிராம் டிக்கெட், மிட்டாய் தாள், லேபிள்னு தெருவுல கிடந்தத வச்சே படம் பண்ணவர். அவர் டிரெஸ்டன்ல முறையா ஓவியம் படிச்சவர்தான், ஆனா ஒட்டற முறைய பாத்தா நம்ம ஆளு மாதிரியே இருக்கும். மாவுல தண்ணி கலந்த பசைய தாள் முழுக்க தடவிட்டு, அது ஈரமா இருக்கும்போதே துண்டுகள விரலால நகத்தி நகத்தி, பொடிப்பொடி காகிதத்த அந்த பசைக்குள்ளயே தேச்சு விட்டு வேலை பாப்பாருன்னு பக்கத்துல இருந்து பாத்தவங்க பதிவு பண்ணியிருக்காங்க. முதல் தடவ இத படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா நம்ம ஊர்ல போஸ்டர் ஒட்டறவங்க கிண்டற மைதா பசையும் அதே சமாச்சாரம்தான்.

அப்போ மைதா பசையே போதுமே, எதுக்கு இவ்ளோ காசு குடுத்து பாட்டில்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மைதா பசை ஈரத்துல அருமையா நகரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நம்ம வெயிலுக்கும் ஈரக்காத்துக்கும் மாவு பசைன்னா ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வந்துடும், அதனாலதான் பழைய பைண்டிங்காரங்க மயில்துத்தம் கலந்து கிண்டுவாங்க, அது விஷம், நான் சாப்பாடு சாப்பிடற டேபிள்லயே வேலை பாக்கறேன், எனக்கு அது சரிப்படாது. இன்னொண்ணு, காஞ்ச மாவு பசை மேல திரும்ப தண்ணி பட்டா இளகிடும், அதாவது மேல வாட்டர் கலரோ நீர்த்த அக்ரிலிக்கோ அடிச்சா கீழ ஒட்டினது கிளம்பும். வெறும் காகிதம் மட்டும் ஒட்டி நிறுத்தறவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல, மிக்ஸட் மீடியாக்கு பிரச்சனை.

அடுத்து எல்லார் வீட்லயும் இருக்கற வெள்ளை பசை, மர வேலைக்கு யூஸ் பண்ற அதே வகைதான். பிராக்டீஸ்க்கு தாராளமா போடுங்க, நோட்டுக்குள்ள ஒட்டி பாக்கறதுக்கு அதுவே நல்லா இருக்கு, நானே இன்னும் போடறேன். ஆனா அதுவும் ஈரம் பட்டா இளகற ஜாதி, காஞ்சப்புறம் மேல ஒரு பளபளப்பு நிக்கும், அந்த பளபளப்பு மேல பென்சில் ஓடாது, சாக் பிடிக்காது. மேட் மீடியம் காஞ்சா மேல லேசா ஒரு சொரசொரப்பு கிடைக்குது பாருங்க, அதுல பென்சில், சார்க்கோல், கலர் பென்சில், பேஸ்டல் எல்லாமே உக்காரும். காகிதம் ஒட்டறோம், மேல பென்சில்ல கீறறோம், அது மேல மீடியம் பூசி பூட்டறோம், அந்த பூட்டுக்கு மேல திரும்ப கீறறோம், இப்டி மாத்தி மாத்தி போறதுதான் மிக்ஸட் மீடியாவோட ருசியே. சார்க்கோல் மேல பூசும்போது மட்டும் பிரஷ்ஷ ஒரே ஒரு இழு இழுத்துட்டு விட்டுடுங்க, முன்ன பின்ன தேச்சா கருப்பு எல்லா இடத்துக்கும் பரவிடும்.

எப்டி ஒட்டறேன்னு ஒண்ண பக்கத்துல வச்சு காட்டறேன். அடிக்கு 300 ஜிஎஸ்எம் தடிமனான வாட்டர்கலர் பேப்பர், இல்லன்னா எம்டிஎஃப் (மர நார அழுத்தி செஞ்ச பலகை) துண்டுல ஜெஸ்ஸோ (பெயிண்ட் பிடிக்கறதுக்கு முதல்ல அடிக்கற வெள்ளை பூச்சு) அடிச்சது. ஃபேன ஆஃப் பண்ணிடணும், இத முதல்ல செய்யுங்க, நம்ம ஊர் ஃபேனுக்கு கீழ மீடியம் சீக்கிரம் தோல் கட்டிடும், நகத்த நேரமே இருக்காது. ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு ஃபிளாட் பிரஷ் எடுத்து அடியில மெல்லிசா ஒரு கோட், ஒட்டப் போற தாளோட பின்பக்கமும் ஒரு கோட். தாள் ஈரத்த குடிச்சு விரியறதுக்கு கொஞ்ச நேரம் குடுங்க, மடிப்பு விழறதே ஒட்டின அப்புறம் தாள் விரியறதாலதான், முன்னாடியே விரிஞ்சிட்டா பாதி மடிப்பு வராது. வச்சதும் ஒரு பழைய ஏடிஎம் கார்டால நடுவுல இருந்து வெளிப்பக்கமா தள்ளுங்க, காத்தும் மிச்ச மீடியமும் ஓரத்துல வழியும், அந்த வழியறத துடைக்காதீங்க, பிரஷ்ஷால அதையே மேல இழுத்து விட்டா அதுதான் மேல் கோட்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை பட்டுப் புடவை பெட்டியில மடிச்சு வச்சிருப்பாங்களே அந்த டிஷ்யூ தாள வச்சு பண்றது. தினசரி காலண்டர் தாள் ஒண்ண அடியில ஒட்டுங்க, தேதி பெரிய எண்ணா, ராகு காலம் எமகண்டம் பொடி எழுத்தா இருக்கும்ல. அது காஞ்சதும் மேல டிஷ்யூவ மீடியம் போட்டு ஒட்டுங்க. வைக்கும்போது வெள்ளையா எல்லாத்தையும் மூடிடும், மீடியம் அதுக்குள்ள ஊற ஊற அந்த வெள்ளை கலைஞ்சு கீழ இருக்கற எண் மெதுவா மேல வரும், டிஷ்யூவுல விழுந்த சுருக்கம் மட்டும் கோடு கோடா அங்கயே நிக்கும். அந்த சுருக்கத்து மேல நீர்த்த பிரவுன் கலர ஒரு இழு இழுத்து துணியால துடைச்சா கோட்டுக்குள்ள மட்டும் கலர் தங்கும். எந்த கோடு எங்க வரும்னு நம்ம கையில இல்ல, ஆனா எந்த கோட்ட வச்சுக்கறது எத மூடறதுன்னு நம்ம கையில இருக்கு, என்ன பொறுத்தவரைக்கும் அப்ஸ்ட்ராக்ட்ல திறமைன்னா இந்த ரெண்டாவதுதான்.

கிழிக்கறதையும் சொல்லணும். கத்தரிக்கோல் எடுக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், நேர் கோட்டுக்கு அது வேணும், ஆனா மேகசின் தாள கையால கிழிச்சா ரெண்டு துண்டுல ஒண்ணுக்கு வெள்ளை விளிம்பு வரும், இன்னொண்ணுக்கு வராது, எந்த பக்கம் இழுக்கறோம்ங்கறதுதான் அத தீர்மானிக்குது. நாலு தடவ கிழிச்சு பாத்தா கைக்கே தெரிஞ்சுடும். நியூஸ் பேப்பர் ஒரு திசையில நேரா கிழியும், இன்னொரு திசையில பல்லு பல்லா போகும், அது காகிதத்தோட நார் ஓடற திசை. இதெல்லாம் எந்த பாடத்துலயும் உக்காந்து படிக்க வேண்டியதில்ல, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிழிச்சுக்கிட்டே இருந்தா வந்துடும். நியூஸ் பேப்பர் மட்டும் வருஷம் போக போக மஞ்சளாகும், மரக்கூழ்ல இருக்கற லிக்னின்ங்கற பொருளோட குணம் அது, மீடியம் பூசினா அது நிக்காது, மஞ்சள் வந்தா பரவாயில்லன்னு நினைச்சா போடுங்க, விக்கற வேலைல போடாதீங்க.

சாயம் போறது ஒரு பெரிய விஷயம். நகைக்கடைல மடிச்சு குடுக்கற ரோஸ் தாள் பாக்க அவ்ளோ அழகு, ஆனா ஈரம் பட்ட உடனே ரோஸ் சுத்தி எல்லாம் ஓடும். கிரேப் பேப்பரும் அப்டித்தான். சிலர் அதையே வேணும்னு பண்றாங்க, அந்த ஓட்டம் நல்லாதான் இருக்கு, ஆனா அந்த மாதிரி சாயம் வெளிச்சத்துல வெளுக்கும்னு தெரிஞ்சே பண்ணுங்க. எந்த தாளா இருந்தாலும் ஒரு ஓரத்துல ஈர பட்ஸால தேச்சு பாத்துட்டு அப்புறம் ஒட்டுங்க. பிரின்ட் எடுத்த படம்னா இங்க்ஜெட்ல எடுத்தது பெரும்பாலும் கரையும், லேசர் பிரின்ட், ஜெராக்ஸ் கரையாது, ஏன்னா டோனர்ங்கறது சூட்டுல உருக்கி ஒட்டின பிளாஸ்டிக் பொடி. ஜெராக்ஸ் கடைல அண்ணன்கிட்ட லேசர்தானேன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அந்த ஜெராக்ஸ வச்சு இன்னொண்ணும் பண்ணலாம், போர்டுல மீடியத்த கொஞ்சம் தாராளமா பூசி ஜெராக்ஸ முகம் கீழ இருக்கற மாதிரி ஒட்டி நல்லா காய விட்டுட்டு, அப்புறம் தண்ணி தொட்டு விரலால பின்பக்கத்த உருட்டி உருட்டி எடுத்தா காகிதம் நூலு நூலா வந்துடும், மை மட்டும் மீடியத்துல தங்கிடும். எழுத்து கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி வரும், அதனால எழுத்து நேரா வேணும்னா முதல்லயே மிரர் பண்ணி பிரின்ட் எடுங்க. ராத்திரி முழுக்க காய விடணும், அவசரப்பட்டு உருட்டினா மையும் சேந்து வரும்.

இப்ப ஆன் ரையன் பத்தி சொல்லாம போக முடியாது, சொந்தமா கத்துக்கிட்டு கொலாஜ் பண்றவங்க எல்லாருக்கும் அவங்கதான் கண்ணுல நிக்கணும்னு நினைக்கறேன். 1889ல அமெரிக்கால நியூஜெர்சில பிறந்தவங்க, கவிதை எழுதிட்டு இருந்தவங்க, மூணு பிள்ளைங்களுக்கு அம்மா, ஓவியம் முறையா படிக்கல, பெயிண்டிங் ஆரம்பிச்சதே 1938 வாக்குல. 1948ல நியூயார்க்ல ரோஸ் ஃப்ரீட் கேலரில ஷ்விட்டர்ஸோட கொலாஜ பாத்துட்டு அவங்களும் ஒட்ட ஆரம்பிச்சாங்க, அப்ப வயசு கிட்டத்தட்ட 60. 1954ல இறந்து போறதுக்குள்ள ஏறக்குறைய 400 கொலாஜ். பெரும்பாலும் சின்ன சின்ன சைஸ், நிறைய உள்ளங்கைய விரிச்சா மறைஞ்சிடும் போல இருக்கும், துணித் துண்டு, நூல் பிரிஞ்ச ஓரம், கையால செஞ்ச காகிதம். நியூயார்க்ல இருக்கற மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல அவங்களது நிறைய இருக்கு, மியூசியத்தோட வெப்சைட்லயே பெருசு பண்ணி பாக்கலாம், துணியோட இழை வரைக்கும் தெரியும்.

லிக்விடெக்ஸ் தண்ணில கலக்கற அக்ரிலிக்க ஓவியர்களுக்குன்னு கொண்டு வந்தது 1955ல, ஆன் ரையன் இறந்து அடுத்த வருஷம். அதாவது நான் இவ்ளோ புகழற இந்த ஜாதி பாட்டிலே அவங்க கைக்கு வரல. அவங்க படங்கள பாத்தா அது தெரியும், துண்டுங்க ஒண்ணு பக்கத்துல ஒண்ணா, ஒண்ணு மேல ஒண்ணா வறட்சியா உக்காந்திருக்கும், துணி துணியாவே இருக்கும், மேல எந்த படலமும் இருக்காது. அந்த மாதிரி வேலை பண்ணணும்னு ஆசைப்படறவங்களுக்கு மேட் மீடியம மேல் கோட்டா பூச வேணாம்னுதான் சொல்வேன், துணி மேல பூசினா அதோட மென்மை போய் விறைச்சுடும், பின்பக்கம் மட்டும் தொட்டு ஒட்டுங்க. டெய்லர் கடைல வெட்டுத்துணி கேட்டா ஒரு பை நிறைய குடுப்பாங்க, அதுல லைனிங் துணியும் பழைய காட்டனும் தனியா எடுத்து வச்சுக்கோங்க. ஆன் ரையன்கிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டது சைஸ்தான். அஞ்சு இஞ்சுக்கு ஏழு இஞ்ச தாண்டாதீங்க ஆரம்பத்துல, ஒரு பாட்டில் ரொம்ப நாள் வரும், ஒரு படம் கெட்டாலும் மனசு கெடாது, பெரிய ஷீட்டுல ஒட்டினாலும் அட்டைல ரெண்டு எல் ஷேப் வெட்டி வச்சுக்கிட்டு அத நகத்தி பாத்து எந்த பகுதி உயிரோட இருக்கோ அத மட்டும் வெட்டி எடுத்துடுங்க.

குறைங்களையும் சொல்றேன், இதெல்லாம் ஒரு கம்பெனியோட குறை இல்ல, மேட் மீடியம்ங்கற பொருளோட குணம். திக்கா பூசினா, அதுவும் கருப்பு, கருநீலம் மாதிரி நிறத்து மேல, ஒரு சாம்பல் மூட்டம் நிக்கும், பளபளப்ப குறைக்கற அந்த பொடிதான் காரணம், கோட்டு ஏற ஏற மூட்டமும் ஏறும். நிறைய லேயர் போடற படம்னா நடுவுல எல்லாம் க்ளாஸ் (gloss), அதாவது பளபளப்பா காயற மீடியம் போட்டுட்டு கடைசி கோட்டு மட்டும் மேட் போடுங்க, ஆழம் அப்டியே தெரியும். பாட்டில குலுக்காதீங்க, நுரை வந்து குட்டி குட்டி குமிழியா காஞ்சிடும், குச்சியால மெதுவா கிளறினா போதும். பிரஷ்ஷ வேலைக்கு நடுவுலயும் தண்ணிலயே போட்டு வைங்க, ஒரு தடவ காஞ்சா அந்த பிரஷ் அவ்ளோதான்.

பெரிய குறை நம்ம வெயிலுக்குத்தான். அக்ரிலிக் படலம் சூட்டுல இளகற வகை, திருச்சில மே மாசம் மாடி ரூம்ல காஞ்ச கொலாஜ ரெண்ட முகத்தோட முகம் வச்சு அடுக்கினா ஒட்டிக்கும், பிரிச்சா ஒண்ணோட தோல் இன்னொண்ணுல வந்துடும். நடுவுல சாதாரண பேப்பர் வச்சா அதுவும் ஒட்டும். கேக் செய்யறவங்க யூஸ் பண்ற, சிலிக்கான் பூசின பேக்கிங் ஷீட் வைங்க, அது ஒட்டாது. ஃபிரேம் போடும்போதும் கண்ணாடி படத்த தொடாத மாதிரி மவுண்ட் (படத்த சுத்தி வைக்கற அட்டை) வச்சு கொஞ்சம் இடைவெளி விட சொல்லுங்க, ஃபிரேம் கடைல நாம சொல்லலன்னா நேரா கண்ணாடிய வச்சு அழுத்திடுவாங்க.

பேப்பர் சுருளறதுக்கும் வழி இருக்கு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அந்த பக்கம் காயும்போது இழுக்கும், அதனால பின்பக்கமும் ஏதாவது ஒரு தாள ஒட்டி சமம் பண்ணிடுங்க, முழுசா காயறதுக்கு முன்னாடி ரெண்டு பேக்கிங் ஷீட்டுக்கு நடுவுல வச்சு மேல கனமா எதையாவது ஏத்தி ராத்திரி விட்டுடுங்க. எங்க வீட்ல அம்மியடிலதான் வைக்கறேன். எம்டிஎஃப் போர்டுன்னா இந்த தலைவலி ரொம்ப கம்மி.

விலை ஆயிரத்துக்கு மேல போகும், இறக்குமதிங்கறதால அப்பப்ப மாறுது, ஸ்டூடண்டுக்கு அது பெரிய காசுதான், மறைக்க மாட்டேன். ரெண்டு பேர் மூணு பேர் சேந்து பெரிய பாட்டில் வாங்கி பிரிச்சுக்கறது நல்ல வழி, மூடி இறுக்கமா இருக்கற சின்ன கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வச்சா நல்லா இருக்கும். வாங்கும்போது லேபிள நல்லா படிங்க, மேட் மீடியம், மேட் ஜெல், மேட் வார்னிஷ் மூணும் பக்கத்துல பக்கத்துல ஒரே மாதிரி டிசைன்ல இருக்கும். வார்னிஷ் ஒட்டறதுக்கு கிடையாது, அது கடைசில பூசறது. ஜெல் கெட்டியா இருக்கும், அட்டை, மரத்துண்டு, பட்டன், தடிமனான துணி மாதிரி கனமானது ஒட்ட அதுதான் வேணும், மீடியம் அதையெல்லாம் தாங்காது, காயறதுக்குள்ள வழுக்கி கீழ வந்துடும். காகிதமும் டிஷ்யூவும் மட்டும்தான் ஒட்டுவேன்னா ஜெல் இப்ப வேணாம், மீடியம் மட்டும் வாங்குங்க, கூட ஒரு சின்ன டியூப் வெள்ளை, ஒரு கருப்பு, ஒரு பிரவுன், ஒரு 220 நம்பர் உப்புத்தாள். உப்புத்தாள் எதுக்குன்னா, படம் நல்லா காஞ்சப்புறம் ரொம்ப மூடிப்போச்சுன்னு தோணற இடத்த லேசா தேச்சா கீழ புதைஞ்ச லேயர்லாம் திட்டு திட்டா வெளிய வரும், மாஸ்க் போட்டுக்கிட்டு தேய்ங்க, அந்த தூசி மூச்சுக்குள்ள போகக் கூடாது.